விலை கேட்கிற வேலை

ஜூலை 11, வெள்ளி

முட்டி வீங்கியிருக்கிறது. இன்று விலை எடுக்கிற நாள், படுக்க முடியாது. அரிசி மண்டி, எண்ணெய்க் கடை, மருந்துக் கடை, சலூன், கடைசியில் ரத்தினம்மாவின் கீரைக் கடை. வாராவாரம் அதே கடை, அதே சாமான், அதே தரம். ஏறியதா இறங்கியதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாடு முழுக்க என்னைப்போல எழுதுகிறவர்களின் விலைகளைச் சேர்த்துத்தான், குடும்பம் நடத்துகிற செலவு எவ்வளவு ஏறியது என்று டெல்லியில் கணக்குப் போடுகிறார்கள். இப்படிப்பட்ட கணக்கை வைத்துத்தான் தொழிலாளிக்குப் பஞ்சப்படி.

ரத்தினம்மா அக்காவிடம் அரைக்கீரை கட்டு பத்து ரூபாய். ரொம்ப நாளாக அதே பத்து. பையிலிருந்த சின்னத் தராசில் வைத்தேன். விலை ஏறவில்லை, கட்டு மெலிந்திருக்கிறது. அதுவும் ஏற்றம்தான், அப்படித்தான் எழுத வேண்டும்.

"இன்னா குணா, கீரையப் போயி கொழந்தையாட்டம் எடை போடுற" என்று சிரித்தார்.

ஜூலை 13, ஞாயிறு

குழம்பில் என்னவோ குறைகிறது என்றார் என் வீட்டுக்காரர் திலீப். கடலை எண்ணெயை விட்டு பாமாயிலுக்கு மாறி இரண்டு மாதமாகிறது. அவருக்கு இன்றுதான் நாக்கில் பட்டிருக்கிறது. நான் விலை எடுக்கிற பட்டியலில் இன்னும் கடலை எண்ணெய்தான். அதே சாமானுக்குத்தானே விலை கேட்க வேண்டும். நாங்கள் எந்த எண்ணெய்க்கு இறங்கி வந்தோம் என்று யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ரத்தினம்மா அக்கா உட்கார்ந்திருக்கும் காலிமனையை விற்றுவிட்டார்களாம். கீரை, கருவாடு, பழைய துணி என்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் தார்ப்பாய் கட்டிப் பிழைக்கிற இடம். வாங்கியவர் பிரதாப் என்று ஒருவர், இரும்புக் கடைக்காரர். அங்கே கட்டடம் எழுப்பப் போகிறார்.

நான் தராசை எடுத்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கவர்மெண்ட்டு ஆளு. டெல்லிக்குப் போற வெல இந்த எடத்துலருந்துதான் போவுதுன்னு அந்தாள் கிட்ட ஒரு வார்த்த சொல்லேன். அப்புறம் எவன் தொடுவான்?"

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன பார்ப்பேன்? நான் கான்டிராக்ட் ஆள். எந்தக் கடையில் விலை எடுக்கிறோம் என்று வெளியே மூச்சு விடக்கூடாது. தெரிந்தால் ஆளாளுக்கு எனக்கென்று ஒரு விலை சொல்வார்கள், கணக்கே கெட்டுப்போகும். அந்த விதியில் தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

ஜூலை 22, செவ்வாய்

கோலார் ஆபீசுக்குப் போனேன். சூப்பர்வைசர் மஞ்சுநாத் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"ஒரு கடை பேர் வெளிய போனா நாளைக்கு எல்லா கடையும் வந்து நிக்கும்மா. அந்தக் கடை போச்சுன்னா பக்கத்துல வேற கடை எடுத்துக்கோங்க. ரூல் இருக்கு" என்றார்.

கடைக்கு மாற்று உண்டு. ஆளுக்கு? கேட்கவில்லை. பஸ்ஸில் பங்காருபேட்டை வரை நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 23, புதன்

சொல்லிவிட்டால் என்ன? வேலை போகும். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

பிரதாப்பைப் பார்க்க நானே போனேன். வேலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாம்பியன் ரீப்ஸில் பழைய சுரங்கத் தொழிலாளர் லைனில் குடியிருக்கிறேன், எங்கள் லைன் முழுக்க அந்தப் பெண்களிடம்தான் கீரை வாங்குகிறது, ஓரமாக ஒரு இடம் விடுங்கள் என்றேன்.

கெட்டவராகத் தெரியவில்லை. பேங்க் கடன், வட்டி, தூண் வருகிற இடம் என்று கையால் வரைந்து காட்டினார். அவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். எதுவுமில்லை என்றேன். சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"வரலட்சுமி பண்டிகை முடியட்டும். அது வரைக்கும் உக்காந்துக்கட்டும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க மேடம்."

இரண்டு வாரம். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஜூலை 25, வெள்ளி

ரத்தினம்மா அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேனா? நினைத்தேன் போல.

"கவர்மெண்ட்டு எடம்னு சொன்னியா?"

"இல்லக்கா. அத சொல்லக்கூடாது."

"சொல்லக்கூடாது" என்று திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான். விலையைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டை எடுத்து எடை போட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

தகர வேலி அடைத்துவிட்டார்கள். உள்ளே ஜேசிபி. பழைய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேட்டிலிருந்து அடிக்கிற காற்றில் அக்காவின் தார்ப்பாய் வேலியில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தது. அவரைக் காணவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாற்றுக் கடை எடுத்தாகிவிட்டது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. அரைக்கீரை பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது, வேரை வெட்டிக் கழுவி. அதே எடைக்கு இரண்டு மடங்குக்கு மேல் விலை.

எப்படி எழுதுவது என்று மஞ்சுநாத் சாரைப் போனில் கேட்டேன். ரத்தினம்மாவின் கடைக்கும் இந்தக் கடைக்கும் உள்ள வித்தியாசம் விலை ஏற்றம் ஆகாதாம். வேறு கடை, வேறு தரம். புதுக் கடையில் இன்றைய விலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடுத்த மாதம் அங்கே ஏறினால் அதுதான் ஏற்றம்.

எனக்குப் புரிகிறது. ஏசிக்கும் உறைக்கும் கொடுக்கிற காசைக் கீரை விலையில் சேர்க்கக் கூடாதுதான். ஆனால் எங்கள் லைன் பெண்கள் ஏசியா கேட்டார்கள்? உறையா கேட்டார்கள்? அவர்களுக்கு இனி பத்து ரூபாய்க் கட்டு எங்கே இருக்கிறது? அவர்களுக்கு ஏறியிருக்கிறது. கணக்கில் ஏறவில்லை. இரண்டும் உண்மை என்றால் நான் எதைத்தான் அளக்கிறேன்?

"அதையும் குறிப்பா எழுதி அனுப்பட்டுமா சார்?"

"எழுதுங்கம்மா. மேல அனுப்பறேன். என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

எழுதினேன். நாலு வரி. அடித்து அடித்து எழுதினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

கடைகள். மழை. கண்ணாடிக் கடையில் கீரை விலை மாறவில்லை. மாற்றமில்லை என்று எழுதினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

போன மாதத்து விலைவாசிக் கணக்கு செய்தியில் வந்ததாம். ஏற்றம் கொஞ்சம்தான் என்று திலீப் போனைப் பார்த்துப் படித்தார். அதிகாலை டிரெயினில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்த களைப்பு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நம்ம வீட்டுல மட்டும் செலவு எப்படி, குணா, எறங்கவே மாட்டேங்குது?"

கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நானும் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் தூங்கிவிட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் லைனுக்குள் "கீரே..." என்று குரல். ரத்தினம்மா அக்கா, தள்ளுவண்டியோடு. கறுத்து, கழுத்தெலும்பு தெரிய. வண்டி நாள் வாடகைக்கு எடுத்ததாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். கட்டு பதினைந்து என்றார். ஒருத்தி முகம் சுளித்தாள், ஆனாலும் வாங்கினாள்.

எல்லோரும் போகும்வரை நின்றேன்.

"இன்னா, தராசு எடுத்துக்கினு வரலியா?"

"இல்லக்கா. இனிமே உன் கிட்ட வெல எடுக்க மாட்டாங்க. வண்டி ஒரே எடத்துல நிக்கறதில்ல, அதனால."

"நின்னுக்கினு இருந்தப்போ மட்டும் இன்னா வாழ்ந்துச்சு" என்றார். பிறகு குரல் இறங்கியது. "பண்டிக வரைக்கும் உட்டது நெசமாவே நீ போயிக் கேட்டதாலதானாம். அந்தாளு வேலி அடைக்கிறப்போ சொன்னாரு. அந்த ரெண்டு வாரம் நல்ல ஏவாரம்."

இரண்டு கட்டு எடுத்துக்கொண்டு முப்பது ரூபாய் கொடுத்தேன். பேரம் பேசவில்லை, அவரும் குறைக்கவில்லை.

எங்கள் தெருக்கோடியில் மேடு. வண்டி பாதியில் நின்று பின்னால் சரிந்தது. கீரையை வாசலில் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கை கொடுத்தேன். முட்டியில் சுரீரென்று வலி. அக்கா முன்னால் இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ள, மேலே போய்ச் சேர்ந்தோம். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டோம்.

"அடுத்த ஞாயித்துக்கெழமயும் இந்த மேடு ஏறணும். எந்நேரம் எழுந்துப்ப?" என்று கேட்டார்.

ஆறு மணிக்கு என்றேன்.