ஈர ரப்பர் ஷீட்டின் மேல் அப்பா

சுங்கை ரம்பாய்,
ஞாயிறு காலை

சிங்கப்பூரில் இருக்கும் அன்புள்ள சேகரன் அண்ணனுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது, அப்பாவுக்கு வலது கை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம், நீங்களாவது அங்கே முழுச் சுகமாக இருக்க வேண்டும். எழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அப்பா விரலில் துணி சுற்றியிருப்பதால் அவரும் அம்மாவும் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், அவர்கள் விட்டதை நானே சேர்க்கிறேன்.

அப்பாவின் கால் விரல்கள் உள்பக்கமாக மடங்கியதைத்தான் நான் முதலில் பார்த்தேன், பிறகுதான் சத்தம் வந்தது. காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு யாரும் சேரக் கூடாது என்று சர்க்கார் நம்மைக் கம்பி வேலிக்குள் குடிவைத்தபோது வீட்டுக்கு ஒரு பல்பு கொடுத்தார்கள் அல்லவா, அது நடு வீட்டில் தொங்குகிறது, என் தையல் மெஷினோ ஜன்னல் ஓரத்தில். பகலில் அம்மாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுகிறேன், சாயங்காலம் ஊரடங்கு, கரண்டு இஞ்சின் ஓடும் கொஞ்ச நேரத்தில்தான் தைக்க முடிகிறது, அதிலும் என் நிழலே துணியை மறைக்கிறது. நீங்கள் அனுப்பிய வயரால் பல்பை ஜன்னலுக்கு இழுக்கிறேன் என்று அப்பா கிளம்பினார். பகலில் இஞ்சின் நின்றிருக்கும்போது செய்திருக்கலாம், ஆனால் வெளிச்சம் இருந்தால்தானே வயர் கண்ணுக்குத் தெரியும் என்று விளக்கு எரியும்வரை காத்திருந்தார். பக்கத்து வீட்டுத் தம்புசாமி மாமா, "ரப்பர் மேல நின்னா கரண்டு கிட்டவே வராது லா மச்சான், தோட்டத்துக்காரனுக்கு இதுகூடத் தெரியாதா" என்று சொல்ல, அப்பா தான் வேலை செய்யும் ரப்பர் ஸ்டோரிலிருந்து அன்று உருட்டிய ரப்பர் ஷீட் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். இன்னும் புகை போட்டு உலர்த்தாதது, ஆசிட் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சிமெண்டுத் தரையில் விரித்து வெறுங்காலோடு ஏறி நின்று வயரைத் தொட்டார். குதித்த அப்பாவை மாமா கட்டிப்பிடித்தார், அவருக்கும் அடித்தது, இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். அந்த வரிசையே இருட்டாகிவிட்டது. "யாரு வூட்டுக் கூத்து இது, எங்க லைட்டும் போச்சு" என்று முத்தாயி அக்கா கத்தினார். மாமா இருட்டில் படுத்தபடியே, "ஒனக்குச் சாமி வந்துடுச்சுன்னுல்ல புடிச்சேன்" என்றார். அம்மா பயத்தில் அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

இஞ்சின் பார்க்கும் அல்போன்ஸ் அண்ணன் டார்ச் லைட்டோடு வந்து பார்த்து, "ரப்பர் சரிதான் மாமா, தண்ணிய யாரு விரிக்கச் சொன்னா" என்று கேட்டார். கண்டபடி இழுத்த வயரை விட்டுவைத்தால் தொரையிடம் தன் வேலை போய்விடும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், முறையாகப் போடவா, இல்லை ஒரேயடியாகக் கழட்டவா, நீங்களே சொல்லுங்கள் என்று போனார். அன்றிலிருந்து அப்பா, "பல்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், மண்ணெண்ணெய் விளக்கு யாரையும் அடிக்கல" என்கிறார். மண்ணெண்ணெய் விளக்கில் எனக்கு ஊசி தெரியாது. டவுன் கடைக்காரர் இப்போதுதான் ரவிக்கைத் துணி கொடுக்க ஆரம்பித்திருக்கிறார், சொன்ன நாளில் தைத்துத் தராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அது போனால் எனக்குக் கடைசிவரை பால் வாளிதான்.

வயர் அனுப்பிய உங்களுக்கும் பாதி அடி சேர வேண்டும் என்று அப்பா சொல்கிறார். நீங்கள் அறையில் ரேடியோவைத் திறந்து நோண்டுவதை விட்டுவிட வேண்டும், ஈரக் கையால் சுவிட்சைத் தொடக் கூடாது, வாரம் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னார். மாரியம்மன் துணை இருப்பாள், நோய் நொடி இல்லாமல் நல்லா இருக்கணும் என்று இருவரும் ஆசீர்வாதம் சொல்கிறார்கள். தீபாவளிக்கு லீவு கேட்க மறக்காதீர்கள்.

இவ்வளவு எழுதியபோது அல்போன்ஸ் அண்ணன் வந்துவிட்டார், அவர் இருக்கும்போதே மீதியை எழுதுகிறேன். அப்பா பாயில் உட்கார்ந்தபடியே, "கழட்டிக்கிட்டுப் போ தம்பி" என்றார். அல்போன்ஸ் அண்ணன் வயரை அறுக்கக் குறடு ஒன்றைக் கையில் எடுத்தார். வெளியாள் யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை, உங்களுக்கே தெரியும். எழுந்து போய், "கழட்டாதீங்கண்ணே, மெஷினுக்கு நேரா மாத்திப் போட்டுக் குடுங்க" என்றேன். வாசலில் நின்ற தம்புசாமி மாமா, "அடடே, பேசுது லா" என்றார். அப்பா என்னையே பார்த்துவிட்டு, துணி சுற்றிய கையை ஆட்டி, சரி என்று காட்டினார். "எந்த எடம்மா?" என்று அல்போன்ஸ் அண்ணன் கேட்டார். நான் இடத்தைக் காட்டிவிட்டு, மெஷினை நகர்த்தி அவர் ஏணிக்கு வழி விட்டேன்.

அன்புத் தங்கை,
இருசம்மாள்