பனிக்குழிக்கு ஆலை ஐஸ் கிடையாது

ஆமோல்
ஓர்திபெஹெஷ்த் மாதம் 8, மாலை நாலு இருபது. நான் வேலை பார்க்கும் ஐஸ் ஆலையின் குளிர் அறையில் இருக்கும் ஐஸ் கட்டிகள்: 180. அவற்றில் உங்களுக்கு: பூஜ்யம்.

அன்புள்ள அப்பா,

உங்கள் நிழல் எங்கள் தலைக்கு மேல் நீடிக்கட்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால் மினிபஸ் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

லாரி வராது. நம் ஊர்ப் பனிக்குழியை ஆலை ஐஸால் நிரப்பித் தரமாட்டேன். இந்த வருஷம் பனி இல்லை என்கிறீர்கள். சாலையோரத்தில்தான் இல்லை. மலைமேல் ஓநாய் இடுக்கில் ஆள் உயரத்துக்குக் கிடக்கிறது. போய்க் கம்பு செருகிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை பனி நிரப்பும் திருவிழாவைப் படம் பிடிக்க வரும் நகரத்து விருந்தாளிகள் அங்கிருந்து சுமந்து வரும்வரை காத்திருக்க மாட்டார்கள், அதுதானே விஷயம்?

குளிர்பதனம் படிக்க அனுப்பியது நீங்கள். படித்ததைச் சொல்கிறேன். கட்டிகளை அடுக்கினால் இடையில் காற்றுப் புகும். கோடையில் ஆடுகள் மேலே வருவதற்குள் உருகி மண்ணுக்குள் போய்விடும். மிதித்து இறுக்கிய பனிதான் நிற்கும். இடையர்கள் வெறும் குழியையா நக்குவார்கள்?

கீவ்

—

ஓர்திபெஹெஷ்த் 10

மகனே கீவ்,

நலம். அம்மா அக்ரூட்டும் உலர்ந்த தயிர்க்கட்டியும் அனுப்பியிருக்கிறாள்.

குழியை நிரப்பித் தருவதாக ஊர்ப் பெரியவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். வேறு ஆலையில் ஐஸ் சொல்லியாகிவிட்டது. "உம்ம புள்ள லாரி அனுப்புறானா, பாடம் அனுப்புறானா?" என்று நம் ஊர் ரஹ்மத், டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான். ஓநாய் இடுக்காம். என் முழங்காலிடம் கேட்டாயா?

இந்த வருஷம் பெண்கள் உன் அம்மாவைத்தான் ராணியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். திருவிழாவன்று ஆண்கள் எல்லாரும் பனி சுமந்து குழிக்குப் போனபின் ஊர் அவள் கையில். இப்போதே என்னை அதட்டிப் பழகுகிறாள்.

நீ வரவேண்டாம். என் வாசலை மிதிக்காதே.

ஹொர்மொஸ்

—

ஆமோல்
ஓர்திபெஹெஷ்த் 12

அப்பா,

அக்ரூட் தீர்ந்துவிட்டது. அம்மாவிடம் போனில் ஐஸ் விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் சொல்லவே இல்லையாமே. அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்:

"அப்படியா சேதி? குழி பனியால நெறஞ்சாத்தான் எங்க ராஜ்ஜியம் முடியும். ஐஸைக் கொட்டிட்டு எவனாவது ஊருக்குள்ள வரட்டும், கழுதை மேல வால் பக்கம் பாத்து உக்கார வச்சி அனுப்புறேன். உங்கப்பனா இருந்தாலும் சரிதான்."

நீங்கள் யோசிக்காதது ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை குழி நிறையும்வரை எந்த ஆணும் ஊருக்குள் நுழைய முடியாது. நானும் வெளியே, நீங்களும் வெளியே. மிதிக்காதே என்று சொல்ல அன்றைக்கு உங்களுக்கு வாசலே கிடையாது.

ஆகவே நான் செய்யப்போவது:

1. வியாழன் வேலை முடிந்ததும் புறப்படுவேன்.
2. வெள்ளி விடிந்ததும் ஓநாய் இடுக்கில் முதல் சுமையை வெட்டுவேன். ரஹ்மத்துக்குத் தைரியம் இருந்தால் பின்னால் வரட்டும்.
3. ஐஸ் லாரி வந்தால் குழிக்குள் இறங்கி நிற்பேன். என் தலைமேல் கொட்டச் சொல்லுங்கள்.
4. உங்கள் பங்குச் சுமையையும் நானே தூக்கிவருவேன். நீங்கள் குழியோரம் நின்று மிதிப்பவர்களைத் திட்டினால் போதும்.
5. குழி நிறைந்ததும் ஊர் எல்லையில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பேன். அம்மா யாரை முதலில் உள்ளே கூப்பிடுகிறாள், பார்த்துவிடுவோம்.