ரூபாலியின் வாயில் உன் பேச்சு

என் தங்கமான அம்மாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உடுமலைப்பேட்டை வீடு பூட்டித்தான் கிடக்கிறது. நான் சரவணம்பட்டியில் அதே கல்லூரியில் இருக்கிறேன். வெளிமாநிலத்திலிருந்து இங்கே வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும், ஊரில் வெள்ளத்தில் வீடிழந்த பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்வாய்.

உனக்குப் பக்கவாதம் வந்ததும் அஸ்ஸாமிலிருந்து வந்த ரூபாலியை வீட்டோடு தங்க வைத்தேனே, அவளை உன் காரியம் முடிந்த மறுநாளே அனுப்பிவிட்டேன். இரண்டு வருஷம் உன்னைத் தூக்கி உட்கார வைத்தவள். அவள் பஸ் ஏறும்வரை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? ஒவ்வொரு ஞாயிறும் நான் வந்து சோறு ஊட்டினால் நீ வாயைத் திறக்க மாட்டாய். "அவ ஊட்டட்டும், நீ உக்காரு அம்மணி" என்பாய். பெற்ற தாயின் வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் நான் சந்திக்க வேண்டியவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. காந்திபுரம் பக்கம் வேறொரு வீட்டில் வேலை. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே போனேன்.

கதவைத் திறந்தவள், "ஏனுங்கக்கா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா? உள்ள வாங்க" என்றாள்.

அது உன் இழுப்பு அம்மா. நகரத்துக்கு வந்து நான் தொலைத்த பேச்சு, பிரம்மபுத்திரா கரையில் பிறந்தவள் வாயில் இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன். "வெள்ளத்துல வீடு போனப்ப யார் துணையா இருந்தாங்க?"

"அம்மாதானுங்க."

"உங்கம்மாவா?"

"இல்லீங்க. நம்ம அம்மா."

ஆறு வீட்டைக் கொண்டுபோன செய்தி ஃபோனில் வந்ததும் அவள் உன் கட்டிலருகே உட்கார்ந்து அழுதாளாம். நீ அசைகிற ஒரே கையால் அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாயாம். "அழுதுபோடு கண்ணு. இதும் உன்ற ஊடுதான்" என்றாயாம். அவள் பிள்ளைகள் முகாமில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று தெரியும்வரை நீயும் சாப்பிடவில்லையாம்.

அந்த வார ஞாயிறும் நான் வந்திருந்தேன். நீங்கள் இருவரும் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா போனபோது நான் அழுததற்கு, "பரீட்சை வருது, போய்ப் படி" என்றுதானே சொன்னாய்? அந்த மடி அப்போது எங்கே போயிருந்தது?

அவள் சொன்ன பதிலை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பேனா நின்றது. "எழுதலீங்களா?" என்று அவளே கேட்டாள். எழுதினேன்.

கிளம்பும்போது சொன்னாள்: "'அவ கையில வாங்கித் தின்னா நான் அழுதுபோடுவேன், அதப் புள்ள பாத்தாத் தாங்காது'ன்னு அம்மா சொல்லுவாங்க. அதுக்குத்தானுங்க என்னைய ஊட்டச் சொன்னது."

அதையும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறாய்.

டவுன் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். உனக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை.

உன் வருஷத் திதிக்கு ரூபாலியைக் கூப்பிடுவேன். என் பக்கத்திலேயே உட்கார வைப்பேன். இது சத்தியம். அதற்குள் பொறாமை தீர்ந்துவிடும் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

நீ பெற்ற மகள்,
கௌசல்யா