கல்யாண மேடையில் சொன்ன எலிக்கதை

நேற்று போடியில் ஒரு கல்யாணம். மணமக்களை வாழ்த்த மேடை ஏறினேன். அவர்கள் கழுத்தில் கிடந்த ஏலக்காய் மாலையின் வாசனை முகத்தில் அடித்ததும் உன் குரல்தான் காதில் விழுந்தது. என் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு எலிக்கதை சொன்னாயே, அந்தக் குரல். நீ செத்துப்போய் எட்டு மாதமாகிறது. இன்னும் கோபமும் சிரிப்புமாகத்தான் ஞாபகம் வருகிறாய்.

விலங்கியல் வகுப்பில் நாம் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்து நான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த வந்தேன், நீ கல்லூரிக்குப் போனாய். ஊரில் படித்தவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் வாழ்த்துரைக்கு உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"அமெரிக்கா புல்வெளியில ஒரு எலி இருக்கு. ஒரு தடவ ஜோடி சேந்தா சேந்ததுதான். அதோட பங்காளி எலி ஊரெல்லாம் மேயும். ரெண்டுக்கும் ஒரே ஒரு ஜீன்தான் வித்தியாசம். நம்ம மாப்பிள்ளைக்கு எந்த ஜீன்னு எனக்குத் தெரியும்!" என்றாய் என் மேடையில். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார்.

ஆறு வருடம் கழித்து, மலைமேல் தோட்டத்தில் அவருக்கு இன்னொரு வீடும் ஒரு பெண்ணும் குழந்தையும் இருப்பது தெரிந்தது. ஏலக்காய் எடுப்பு என்று ஜீப்பில் ஏறினால் வாரக்கணக்கில் ஏன் இறங்குவதில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. நான் போகிறேன் என்றேன். எனக்குப் புத்தி சொல்ல உன்னையே வரவழைத்தார்கள்.

மாமனார்தான் ஆரம்பித்தார். "டீச்சரு, நீங்களே மைக்குல சொன்னீங்க. எலிகூட ஜோடிய விட்டுப் போகாதுன்னு. இவ போறேங்கிறா. நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க."

போனவரைக் கேட்க ஆளில்லை. இருந்தவளுக்குத்தான் எலியின் பாடம்.

நீ எழுந்து நின்றாய். "மொதல்ல என் தப்பச் சொல்லிர்றேன். அன்னைக்கு நான் சொன்னது பாதிதான். இது ஒத்த ஜீன் பாக்குற சோலி இல்ல, பலதும் சேந்தது. ஜோடியா இருக்குற அந்த எலிகளோட குட்டிகளச் சோதிச்சா, சிலதுக்கு அப்பன் வேற. சில ஆண் எலி எந்தப் பொந்துலயும் தங்காம சுத்திக்கிட்டே திரியும். பால் குடுக்குற பிராணிகள்ல ஜோடியா வாழ்றதே கொஞ்சந்தான். பெண்ணுங்க தூரந்தூரமா வாழ்ற எடத்துல, ஆணு ஒண்ணுகிட்டக் காவலுக்கு நின்னுபோச்சு, அப்படித்தான் இது வந்திருக்கும்னு சொல்றாங்க. பதிவிரதையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கொழுந்தன் பாய்ந்தார். "அப்ப எங்கண்ணன் மேல என்ன தப்பு? எல்லாம் ஜீன் பண்ற வேலைதானே?"

அதுவரை குனிந்திருந்த என் கணவர் தலையை நிமிர்த்தினார். உன் பேச்சைப் பிடுங்கி உன்னையே அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

நீ அசரவில்லை. "எலி அக்கினி சுத்தி வரல தம்பி. ஊரைக் கூட்டி வாக்குக் குடுத்தது உங்கண்ணன். இனி எலிய யாரும் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. எனக்கும் சேத்துத்தான் சொல்றேன். இவ என்ன சொல்றான்னு கேளுங்க."

நான் பேசினேன். அந்த வீட்டில் குறுக்கீடு இல்லாமல் நான் பேசி முடித்தது அன்று ஒருநாள்தான். சாயங்காலமே தேவாரம் போகும் பஸ்ஸில் அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன், நீயும் கூட வந்தாய்.

பஸ்ஸில் உன்னோடு சண்டை போட்டேன். "பாதிக் கதைய ஏண்டி மைக்குல சொன்ன?"

"கைதட்டு ஆசைதான், புள்ள. முழுசாச் சொன்னா எவன் கூப்பிடுவான்?" என்றாய். கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் நீ எலியை இறக்கவில்லை.

ராசிங்காபுரத்திலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி இன்று போன் செய்தாள். நாளை அவளுடைய மாமியார் வீட்டில் அவளுக்குப் புத்தி சொல்லப் பெரியவர்கள் கூடுகிறார்களாம். "டீச்சர், வெரசா வந்துருங்க. எல்லாரும் அவங்க ஆளுக" என்றாள்.

காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். உன் வாய்ச் சாமர்த்தியம் எனக்கு இல்லை. நாலு பேர் முறைத்தால் இப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளை இரு என்றோ போ என்றோ நான் சொல்லப்போவதில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை அங்கே இன்னொருவர் வாய் திறக்க விடமாட்டேன்.