கழியில் தண்ணீர் ஏறிய காலை

துடியலூர்
கார்த்திகை 9

அன்புள்ள நிதீஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், கடல் தாண்டி இருக்கிற நீ அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், உன்னிடம் சொல்லவே கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார்.

அந்த ஊர் உப்பங்கழியில் சின்னப் படகில் தனியாக நின்று, வாலில் கரும்புள்ளி உள்ள மீனைத் தூக்கிக் காட்டி வீடியோ அனுப்பினாயே, அதை அப்பா எத்தனை தடவை பார்த்தார் என்று எனக்குத்தான் தெரியும். கடல் தண்ணீர் தினமும் இரண்டு தடவை உள்ளே ஏறி இறங்கும் என்று நீ சொன்னதை அவருக்குக் கண்ணால் பார்த்தாக வேண்டும். நம் பட்டறையில் லேத் ஓட்டுகிற அப்துல் குத்தூஸின் அக்கா வீடு பொன்னானியில் கழி ஓரமாக இருக்கிறது. போன மாதம் அவர் எங்கள் இருவரையும் அங்கே கூட்டிப்போனார். காலையில் தண்ணீர் வற்றிக் கிடந்தது, முழங்கால் தண்ணீரைத் தாண்டினால் நடுவில் ஒரு மணல்திட்டு. குத்தூஸின் மச்சான் தூண்டில் கொடுத்து, ஒன்பது மணிக்குள் கரைக்கு வந்துவிடச் சொன்னார். அப்பா அந்தத் திட்டில் நின்று இரண்டு கொடுவா மீன் பிடித்தார், அதோடு வந்திருக்கலாம், மூன்றாவதும் வேண்டும் என்று நின்றுவிட்டார். தண்ணீர் சத்தமே இல்லாமல்தான் வந்தது கண்ணு. திட்டு சின்னதாகிக்கொண்டே வருவதைப் பார்த்துக் கரையிலிருந்து கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே இறங்கினார், கிணற்றில் குதித்து நீந்தின ஆளுக்கு இது என்ன என்று நினைத்திருப்பார். பாதி வரும்போது ஒரு கால் சேற்றுக்குள் போய்விட்டது, அதை இழுக்க இன்னொரு காலை ஊன்றினார், அதுவும் போய்விட்டது. இடுப்பளவு இருந்த தண்ணீர் நான் பார்க்கப் பார்க்க நெஞ்சுக்கு ஏறியது. குத்தூஸ் மச்சானைக் கூப்பிட ஓடினார், நான் கட்டின சேலையோடு தண்ணீரில் இறங்கப் போனேன். அப்போதுதான் அப்பா சொன்னார், "நீ எறங்கிப்போடாதே அம்மணி. பையனுக்கு ஒருத்தராச்சும் வேணும்."

நின்றுவிட்டேன். நின்றது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மச்சானின் தோணி வருவதற்குள் தண்ணீர் தாடையைத் தொட்டுவிட்டது. "காலை இழுக்காதீங்க, மல்லாக்கப் படுங்க" என்று தோணியிலிருந்து குத்தூஸ் சொல்ல, அப்பா தண்ணீர் மேலேயே சாய்ந்தார், முகம் ஒரு முறை முழுசாக மறைந்துபோனது. மச்சான் அக்குளில் கை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். கரையில் போட்டபோது உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தார், தூண்டிலை விடாமல் பிடித்திருந்த விரல்களை நாங்கள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். முட்டி பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது, வீடியோவில் பேசும்போது உனக்கு முகம்தானே தெரியும்.

திரும்பி வரும்போது, மதுக்கரை தாண்டினதும், "அவன் அங்க தனியாத்தானே போறான்" என்றார். அன்றிலிருந்து எனக்கும் அந்த நினைப்புதான். மாவு கரைக்கும்போது விரலில் ஒட்டினால்கூட அந்தச் சேறு ஞாபகம் வந்து கையைக் கழுவிவிடுகிறேன். அங்கே தண்ணீர் இதைவிட அதிகம் ஏறும் என்று குத்தூஸ் சொல்கிறார். உனக்கும் கிணற்று நீச்சல்தானே தெரியும். போகாதே என்று சொல்ல மாட்டேன், சொன்னால் மறைத்துவிட்டுப் போவாய். துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் போகாதே, மிதவைச் சட்டையைக் கழற்றாதே, சேற்றில் காலை வைக்காதே.

சனிக்கிழமை சாயங்காலம் உனக்கு விடிகிற நேரம், நீ மீன் பிடிக்கக் கிளம்புகிற நேரம். அப்பா பட்டறையைச் சாத்திவிட்டு வந்து, உன் ஊரில் தண்ணீர் எப்போது ஏறும் என்று போனில் பார்க்கிறார். பார்த்துவிட்டு, "இப்ப ஏற ஆரம்பிச்சிருக்கும்" என்று சொல்லிச் சும்மா உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை.

நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும் சாமி. கரை ஏறினதும் ஏறிவிட்டேன் என்று ஒரு வரி அவருக்கு அனுப்பு, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் அம்மா
புவனா