காதுக்குள் ஒரு டவுன்ஷிப்

நெய்வேலி,
4.6.2025

பாசமுள்ள தங்கை காந்திமதிக்கு, சுரங்கமே கண்டு நடுங்கும் உன் அண்ணன் எழுதுவது.

குள்ளஞ்சாவடியில் உன் இருபது நாள் மகள் வெண்மதி போடும் சத்தத்தில் இங்கே எங்கள் கன்வேயர் பெல்ட் நின்றுவிட்டது. இன்ஜினியர்கள் பதறி ஓடி வந்தார்கள். "ஒண்ணுமில்ல சார், என் மருமக" என்று சொல்லி அனுப்பினேன்.

வாட்ஸப்பில் எழுதினால் நீல டிக்கோடு தப்பிவிடுவாய். அதனால்தான் தபால்.

காது அக்குபங்சரில் பட்டம் வாங்கியவன் நான். ஆறே ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் ஆறு யுகத் தவம். காது என்பது வயிற்றுக்குள் தலைகீழாகக் கிடக்கிற பிள்ளை, அம்மா! கீழ்மடலில் தலை, நடுக்குழியில் வயிறு, மேல்குழியில் அமைதி. பிறந்த குழந்தைக்கும் எல்லாப் புள்ளியும் உண்டு. உனக்குப் புரியட்டும் என்று நம் டவுன்ஷிப் போல பிளாக் நம்பர் போட்டு ஒரு காதுப் படம் வரைந்து இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். மெயின் பஜார்தான் வயிறு.

ஞாயிறு வருகிறேன். முடி போல இரண்டே ஊசி. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியும் தயார்.

காது சாம்ராஜ்யச் சக்கரவர்த்தி,
கொளஞ்சிநாதன்

*

குள்ளஞ்சாவடி,
9.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். டாக்டர் பார்த்தார். வாயுதான், எடை நன்றாக ஏறுகிறது, பயமில்லை என்றார். ஞாயிறு வர வேண்டாம் என்று போனில் சொன்னபோது காரணம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளை படித்துவிட்டார். போன வருடம் விக்கலுக்கு நீங்கள் குத்திய ஊசியில் அவர் காது வடை மாதிரி வீங்கி, மூன்று நாள் ஹெல்மெட் போட முடியாமல் திரிந்தாரே, மறப்பாரா? "ஒங்க அண்ணன் ஊசிய எடுத்துகினு இந்த வூட்டுப் பக்கம் வரட்டும், காதுகுத்துக்குப் புள்ளய எங்க சித்தப்பா மடியில வச்சுடுறேன்" என்கிறார். சித்தப்பாவுக்குப் போனும் போட்டுவிட்டார்.

எனக்கு உங்கள் மடிதான் வேண்டும். நீங்கள்தான் வழி செய்ய வேண்டும்.

காந்திமதி

*

நெய்வேலி,
12.6.2025

அன்புள்ள காந்திமதிக்கு,

ஊசிப்பெட்டியை பஸ் டிரைவர் கோபாலகிருஷ்ணனிடம் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையே வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டட்டும். உள்ளே நாற்பது கோடி ஊசி. சரி, நாற்பது.

நீ பிறந்தபோது எனக்கு எட்டு வயது. கீழே போட்டுவிடுவேன் என்று உன்னை என் மடியில் வைக்க யாரும் விடவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டே இருந்தேன்.

அண்ணன்,
கொளஞ்சி

*

குள்ளஞ்சாவடி,
30.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பெட்டியைப் பூட்டிவிட்டார். படத்தைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். நான் இல்லை, உங்கள் மாப்பிள்ளைதான்! சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கை கழுவிக்கொண்டு, படத்தைப் பார்த்துப் பார்த்து, அவள் மேல்காதுக் குழியை விரல் நுனியால் தடவுகிறார். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். கேட்டால், "வாயு தன்னால அடங்குது, காதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்கிறார். உங்களிடம் சொல்லக் கூடாதாம். அதனால் இந்தப் பத்தியை நீங்கள் படிக்கவில்லை.

நேற்று சித்தப்பாவைக் கூப்பிட்டு, "நீங்க சாப்புட மட்டும் வந்தா போதும் சித்தப்பா" என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு காலை. ஊசியை ஆசாரி கொண்டுவருவார், நீங்கள் மடியை மட்டும் கொண்டுவாருங்கள். புது வேட்டி வேண்டாம், நனைத்துவிடுவாள்.

காந்திமதி