பிறந்த ஊர் கோபி

சிங்கப்பூர்
2 மார்ச் 2025

அன்புள்ள ஓவியா அப்பாவுக்கு,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, இனி மெயிலில் எழுதிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. எழுதும்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

எனக்குக் குடியுரிமை தர இங்கே கொள்கையளவில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இனி ஆன்லைனில் ஒரு பாடம், அப்புறம் நான் குடியிருக்கும் வட்டாரத்துக்காரர்களோடு ஒரு கூட்டம். அதன்பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். இரண்டு நாட்டுக்காரியாக இருக்க இந்தக் குட்டி நாடு விடாது. கடைசியில் உறுதிமொழி. நிரந்தரவாசிக்கான என் நீல அட்டை போய், குடிமக்களின் ரோஸ் அட்டை வரும்.

இருபத்தொரு வயதானால் ஓவியா உங்கள் விசாவோடு ஒட்டிக்கொண்டு அமெரிக்காவில் இருக்க முடியாது என்றுதானே, அவளுடைய பதினைந்தாவது வயதில் நாங்கள் இங்கே கிளம்பி வந்தோம்? சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் என்ன பேசிக்கொண்டோம்? யாருக்கு முதலில் நிலையான இடம் கிடைக்கிறதோ, மற்றவர் அங்கே வந்துவிட வேண்டும். எனக்கு இங்கே பி.ஆர். என்ற நிரந்தரவாசம் கிடைத்தபோது, "வெளியே போய் வரவே பர்மிட் வேண்டும், அது அரை இடம். குடியுரிமை வரட்டும், பார்க்கலாம்" என்றீர்கள். இதோ வந்துவிட்டது. வருகிறீர்களா?

உங்கள்
பிரீத்தி

டப்ளின், கலிஃபோர்னியா
9 மார்ச் 2025

பிரீத்திக் கண்ணு,

உன் மெயிலைப் படித்துவிட்டு ஃப்ரீவே டிராஃபிக்கில்கூடச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்துக் கார்க்காரன் பயந்திருப்பான். உடனே வாங்கிக்கொள், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

இங்கே என் கிரீன் கார்டு வரிசை ஆமை மாதிரி நகர்கிறது. திடீரென்று பின்னாலும் நடக்கிறது. பிளசன்டனில் நண்பன் சபரி வீட்டு பாட்லக் விருந்தில் நேற்று உன் கதைதான். அவன் ஒரு விஷயம் சொன்னான், நிச்சயமானதும் எழுதுகிறேன். இந்த வருஷத்துக்குள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்போம், அது மட்டும் உறுதி.

உன்
ரஞ்சித்

சிங்கப்பூர்
18 மே 2025

அன்புள்ள ஓவியா அப்பாவுக்கு,

"ஒரே வீட்டில்" என்று நீங்கள் எழுதியதை இதுவரை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வீர்கள். ஓவியாவிடம் காட்டினேன். "ஃபைனலி மா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மூன்று படுக்கையறை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஓர் அறை உங்கள் ஆபீஸுக்கு. கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.

வியாழக்கிழமை பாஸ்போர்ட்டை ஒப்படைக்கப் போகிறேன். இன்று அதை மூன்று தடவை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டேன். நீங்கள் வருகிறீர்கள் என்ற தைரியத்தில்தான் போகிறேன்.

உங்கள்
பிரீத்தி

டப்ளின்
20 மே 2025

பிரீத்தி,

அவசரம். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதே.

கிரீன் கார்டுக்கு நாட்டுக்கு ஒரு வரிசை இருக்கிறதல்லவா, கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டுக்காரராக இருந்தால், இருவரும் அந்த நாட்டு வரிசையில் நிற்கலாம் என்று சபரி சொன்னான். சிங்கப்பூருக்கு இங்கே வரிசையே இல்லையாம். நீ குடிமகள் ஆனதும் எனக்குச் சட்டென்று கிரீன் கார்டு வந்துவிடும், நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். இன்று வக்கீல் ஜலஜாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். எந்தப் பாஸ்போர்ட் என்பது கணக்கே இல்லையாம், எந்த நாட்டில் பிறந்தோம் என்பதுதானாம். நீயோ கோபிச்செட்டிபாளையம்.

ஆகவே சிங்கப்பூர் குடியுரிமையால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறு. என் தேதி வந்துவிடும்.

ரஞ்சித்

சிங்கப்பூர்
20 ஜூலை 2025

ஓவியா அப்பாவுக்கு,

உங்கள் மெயில் புதன்கிழமை வந்தது. மறுநாள் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது அழுதேன், மறைக்கவில்லை. போன சனிக்கிழமை உறுதிமொழியும் முடிந்தது. பக்கத்து நாற்காலியில் ஓவியா இருந்தாள்.

நான் கோபியில் பிறந்தவள் என்பது வக்கீல் சிரித்துத்தான் உங்களுக்கு ஞாபகம் வந்ததா? பெண் பார்க்க அங்கேதானே வந்தீர்கள்? இரண்டு தட்டு பஜ்ஜி சாப்பிட்டீர்களே.

எனக்குக் கோபம் அதற்கில்லை. ஓவியாவுக்கு ஜனவரியில் இருபத்திரண்டு முடிந்தது. நீங்களும் வீடியோவில் பாட்டுப் பாடினீர்கள். உங்களுக்கு இன்றைக்கே கிரீன் கார்டு வந்தாலும் அவள் உங்கள் பிள்ளையாக அங்கே வர முடியாது. அதற்கு பயந்துதான் ஏழு வருஷம் முன்னால் வீட்டைப் பிரித்தோம். "மூன்று பேரும்" என்று எழுதும்போது அது உங்களுக்கு மறந்தே போயிற்று. அந்த ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வருகிறீர்களா என்று கேட்டேன். நீங்கள் சபரியைக் கேட்டீர்கள், வக்கீலைக் கேட்டீர்கள், எனக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. இனி நான் கேட்கப் போவதில்லை.

குடிமக்கள் இங்கே கணவருக்கு விசா கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குத் தேவையான தாள்களை எல்லாம் மார்ச்சிலேயே எடுத்து வைத்திருந்தேன். நேற்று அவற்றைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

மூன்று படுக்கையறை வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு படுக்கையறை வீட்டுக்குச் சாவி வாங்கிவிட்டோம். ஜன்னல் பக்கத்து அறை ஓவியாவுக்கு.

பிரீத்தி